பிதா முகம் திருப்பவில்லை

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்துச் செய்தி கொடுக்கப்போகும் ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், சபை மக்களிலிருந்து அழைக்கப்பட்ட சகோதர சகோதரிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

லெந்து நாட்கள் முடிவதற்குள் ஏழு வார்த்தைகளில் யாருக்கு எது என்று சபைகளில் பங்கிட்டுவிடுகிறார்கள். அதில் நான்காம் வார்த்தை, தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற அந்தக் கதறல், யாருக்கு வந்தாலும் செய்தி பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. உலகத்தின் பாவமெல்லாம் இயேசுவின்மேல் சுமத்தப்பட்ட நேரத்தில், பாவத்தைப் பார்க்கச் சகியாத பிதா தம் குமாரனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அநாதியாய் ஒன்றாயிருந்த பிதாவும் குமாரனும் அந்த மூன்று மணி நேரம் பிரிந்துபோனார்கள். கோபாக்கினை முழுவதும் குமாரன்மேல் கொட்டித் தீர்ந்த பிறகே பிதாவின் மனம் ஆறியது. இப்படிச் சொன்னால் கேட்பவர்களின் கண் கலங்கும் என்பது உண்மை. ஆனால் இந்த மூன்று கூற்றுகளில் ஒன்றைக்கூட நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. இந்த ஆண்டு நீங்களும் அதைச் சொல்லாதிருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரட்சிப்பின் திட்டம் என்று நாம் சொல்வது யாருடைய திட்டம் என்பதே இங்கே கேள்வி. பிதா உலகத்தில் அன்புகூர்ந்து அனுப்புகிறார் என்கிறது யோவான் நற்செய்தி. என் ஜீவனை யாரும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்று குமாரன் சொல்வதையும் அதே நூலின் பத்தாம் அதிகாரம் பதிவு செய்கிறது. நித்திய ஆவியினாலே கிறிஸ்து தம்மை ஒப்புக்கொடுத்தார் என்கிறது எபிரெயர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே மனதாய்ச் செய்த ஒரே செயல் அது. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்ததைப் பவுல் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் எதற்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்? தேவனுடைய அன்புக்கு. குமாரன் மரித்ததால் பிதா அன்புகூரத் தொடங்கவில்லை. பிதா அன்புகூர்ந்ததால் குமாரன் வந்தார். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், பிதாவிடமிருந்து நம்மைக் காப்பாற்ற இயேசு வந்தார் என்றாகிவிடும். அப்புறம் அது நற்செய்தி அல்ல.

பிதா பாவத்தைப் பார்க்கமாட்டார் என்பதற்குப் பிரசங்கங்களில் காட்டப்படும் ஆதாரம் ஆபகூக் 1:13. தீமையைப் பார்க்காத சுத்தக் கண்ணன் என்று தேவனைத் தீர்க்கதரிசி அழைக்கும் வசனம் அது. தயவுசெய்து அந்த வசனத்தை இறுதிவரை வாசியுங்கள். முதல் பாதியில் அப்படிச் சொன்ன ஆபகூக், அடுத்த பாதியிலேயே, அப்படியிருக்கத் துரோகிகளை நீர் ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர், துன்மார்க்கன் தன்னைவிட நீதிமானை விழுங்கும்போது ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று கேட்கிறார். கல்தேயரின் படை வரப்போவதைக் கண்டு நடுங்கிய ஒரு மனிதரின் முறையீடு அது. தேவன் தீமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்பதுதான் அவருடைய வேதனையே. அந்த வசனத்தின் ஒரு பாதியை வெட்டியெடுத்துக் கொல்கொதாவில் நட்டு, தேவனால் பாவத்தைப் பார்க்க முடியாது என்று கோட்பாடு கட்டுவது ஆபகூக்குக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கோட்பாடு உண்மையானால் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்திலேயே வேதம் முடிந்திருக்கும். கனியைத் தின்ற பிறகு மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டது மனிதன். எங்கே இருக்கிறாய் என்று தேடி வந்தவர் தேவன். காயீன் தம்பியைக் கொன்ற பிறகும் அவனிடம் நேரில் வந்து கேட்கிறார். பாவியைப் பார்க்கக் கூடாத ஒரு தேவனுக்கு இரட்சிப்பின் திட்டம் என்ற ஒன்று இருந்திருக்கவே முடியாது.

இனி அந்தக் கதறலுக்கே வருவோம். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவிசேஷகர்கள் அந்தச் சங்கீதத்தின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. போர்ச்சேவகர் சீட்டுப்போட்டு வஸ்திரத்தைப் பங்கிடுவது 18ஆம் வசனம். வழியே போகிறவர்கள் தலையை அசைத்துப் பழிப்பது 7ஆம் வசனம். தேவன்மேல் நம்பிக்கை வைத்தானே, அவர் விடுவிக்கட்டும் என்று ஆசாரியர்கள் பரியாசம் பண்ணுவதாக மத்தேயு எழுதுவது 8ஆம் வசனத்தின் சாயல். சிலுவைக் காட்சி முழுவதையும் அந்தச் சங்கீதத்தின் வெளிச்சத்தில்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அதே சங்கீதத்தின் 24ஆம் வசனம் என்ன சொல்கிறது? உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தைத் தேவன் அற்பமாக எண்ணவில்லை, தம் முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டார் என்கிறது. பிதா முகத்தை மறைத்தார் என்று நாம் பிரசங்கிக்கிறோம். இயேசு தம் வாயில் எடுத்துக்கொண்ட சங்கீதமோ மறைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரும் இதை இப்படித்தான் வாசித்திருக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் இதே சங்கீதத்தின் 22ஆம் வசனத்தை இயேசுவின் சொல்லாகவே எடுத்துக் காட்டுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில், பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணின குமாரன் கேட்கப்பட்டார் என்று எழுதுகிறார். யோவான் 16:32ஐயும் மறந்துவிட வேண்டாம். நீங்கள் எல்லோரும் என்னைத் தனியே விட்டுவிடுவீர்கள், ஆனாலும் நான் தனித்திரேன், பிதா என்னோடிருக்கிறார் என்று இயேசு சீஷர்களிடம் சொன்னது பிடிபடுவதற்குச் சற்று முன்புதான்.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானது. அப்படியானால் அந்தக் கதறல் வெறும் சங்கீத ஓதலா, இயேசு கைவிடப்பட்டவராகத் தம்மை உணரவில்லையா என்று கேட்பீர்கள். உணர்ந்தார். மாற்கு அந்தச் சொற்களை இயேசுவின் தாய்மொழியிலேயே எழுதிவைத்திருப்பது அந்த ஓலம் கேட்டவர்களின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. கெத்செமனேயில் அவர் நடிக்கவில்லை, சிலுவையிலும் நடிக்கவில்லை. மரணத்தின் வாசலில் மனிதன் அனுபவிக்கும் முழு இருட்டுக்குள்ளும், ஜெபம் எட்டவில்லையே என்ற தவிப்புக்குள்ளும் அவர் இறங்கிப்போனார். ஆனால் கைவிடப்பட்டதாக உணர்வதும் பிதா கைவிட்டுப் போனதும் ஒன்றல்ல. முதலாவதை நற்செய்தி சொல்கிறது. இரண்டாவதை நாம் சேர்த்துக்கொண்டோம். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் கான்ஸ்டான்டிநோபிளில் ஆற்றிய இறையியல் சொற்பொழிவுகளில் இந்தக் கதறலை எடுத்துப் பேசுகிறார். பிதா குமாரனைக் கைவிடவில்லை, கைவிடப்பட்டுக் கிடந்த நாமே அங்கே அவருடைய குரலில் பேசுகிறோம் என்பது அவர் தந்த விளக்கம். திரியேக தேவனைப் பற்றிய விசுவாசத்தைச் சபை அறிக்கையாக வடித்துக்கொண்டிருந்த அதே காலத்தவர் அவர் என்பதால், அந்தச் சொல்லுக்குக் கூடுதல் கனம் உண்டு.

நடுப்பகலில் வந்த இருளையும் பிதா முகம் திருப்பியதற்கு அடையாளமாகச் சொல்வதுண்டு. பழைய ஏற்பாடு அந்த இருளுக்குத் தரும் சாவி வேறு. ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் தேவன் நடுமத்தியானத்தில் சூரியனை அஸ்தமிக்கப்பண்ணுவேன் என்கிறார். அதே மூச்சில், ஒரே பிள்ளைக்காகத் துக்கிக்கும் துக்கத்தைப் போன்ற துக்கத்தை வரவைப்பேன் என்கிறார். அது நியாயத்தீர்ப்பின் இருள், அதில் ஐயமில்லை. ஆனால் சீனாய் மலையில் மோசே கார்மேகத்துக்குச் சமீபமாய்ப் போனபோது தேவன் அந்தக் கார்மேகத்துக்குள்ளேதான் இருந்தார் என்று யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் சொல்கிறது. வேதத்தில் இருள் தேவன் இல்லாத இடமாகவே எப்போதும் வருவதில்லை. இயேசு உயிர்விட்டதும் தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று மாற்கு எழுதுகிறார். மேலிருந்து கிழித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விலகிப்போனவருடைய செயலாக அது தெரியவில்லை.

பவுலை எடுத்துக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. பாவம் அறியாதவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5:21 சொல்கிறதே, பாவமாகவே ஆனவரைப் பரிசுத்தர் எப்படிப் பார்ப்பார் என்பார்கள். பதில் இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறது 19ஆம் வசனம். ஒப்புரவாக வேண்டியிருந்தது உலகம். தேவனோ கிறிஸ்துவுக்கு உள்ளே இருந்து அந்த வேலையைச் செய்கிறார். எதிரே நின்று அடிக்கவில்லை. கலாத்தியர் 3:13இல் கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று எழுதும்போது பவுல் உபாகமம் 21:23ஐ எடுத்தாள்கிறார். அங்கே தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று இருக்கிறது. பவுல் எடுத்தாளும்போது, தேவனால் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார். வேதபாரகராய்ப் பயின்ற ஒருவர் இதைக் கைத்தவறாய் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இயேசு குஷ்டரோகியைத் தொட்ட நிகழ்ச்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே தீட்டு அவரைத் தொற்றவில்லை. அவருடைய சுத்தம் அவனைத் தொற்றியது. தேவனுடைய பரிசுத்தம் பாவத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் பரிசுத்தம் அல்ல என்று அவர் தம் ஊழியம் முழுவதும் காட்டிவிட்டே சிலுவைக்குப் போனார்.

பலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மண்ணில் நம் பிரசங்கத்தைக் கேட்கிற ஒருவருக்குப் பலி என்றவுடன் மனதில் வருவது, சினங்கொண்ட தெய்வத்தைச் சாந்தப்படுத்த மனிதன் கொடுக்கும் ஒன்று. லேவியராகமம் 17:11 அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. பாவநிவிர்த்திக்காக அந்த இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் நான் உங்களுக்குக் கொடுத்தேன் என்று தேவன் சொல்கிறார். கொடுப்பவர் அவர், பெறுபவர்கள் நாம். மோரியா மலையில் ஆபிரகாமின் கையைத் தடுத்து நிறுத்தி, பலிக்கான ஆட்டுக்கடாவைத் தாமே ஏற்பாடு செய்தவரும் அவரே. ஈசாக்கின் பலியையே ஏற்றுக்கொள்ளாத பிதா தம் ஒரேபேறான குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று கிரகோரியார் தம் ஈஸ்டர் சொற்பொழிவில் கேட்டது இதனால்தான். நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ரயில்பாலக் கதையையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். தூக்குப்பாலத்தின் காவல்காரர் ஒருவர், அவருடைய சிறுமகன் இயந்திரப் பற்சக்கரங்களுக்குள் விழுந்துவிடுகிறான், ரயில் வந்துகொண்டிருக்கிறது, பயணிகளைக் காப்பாற்ற அப்பா நெம்புகோலை இழுத்து மகனை நசுங்கவிடுகிறார். கேட்பவர் அழுவார். ஆனால் அந்தப் பையன் சம்மதிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அப்பா திட்டமிட்டுக் காப்பாற்ற வந்தவர் அல்லர், விபத்தில் மாட்டிக்கொண்டவர். கெத்செமனேயில் என் சித்தம் அல்ல, உம்முடைய சித்தம் என்று மனமறிந்து சொன்ன குமாரனுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. கிறிஸ்துவின் மனித சித்தம் தேவ சித்தத்தோடு முரண்படாமல் மனமுவந்து இசைந்தது என்பதை உறுதிப்படுத்தவே 680, 681ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பொதுச் சங்கம் கூடியது. அந்தக் கதையைக் கைவிட்டால் நாம் இழப்பது ஒன்றுமில்லை.

ஏசாயா 53ஐ வைத்து வரும் மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. அவரை நொறுக்கக் கர்த்தருக்குச் சித்தமாயிற்று என்று பத்தாம் வசனம் சொல்வதை யாரும் அழித்துவிட முடியாது, அழிக்கவும் கூடாது. ஆனால் நான்காம் வசனத்தையும் அதே கனத்தோடு வாசிக்க வேண்டும். அவர் சுமந்தது நம்முடைய துக்கங்களை. நாமோ அவர் தேவனால் அடிக்கப்பட்டவர் என்று எண்ணிக்கொண்டோம். அடித்தது தேவன் என்பது பார்த்து நின்றவர்களின் கணிப்பு. அந்தக் கணிப்பு தவறு என்று உணர்ந்தவர்கள்தான் அந்த அதிகாரத்தில் பேசுகிறார்கள். கர்த்தருக்குச் சித்தமான பாடும் மனிதர் கையால் வந்த அடியும் எப்படி ஒன்றாய் இருக்க முடியும் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் தெளிவாக்குகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசும்போது, தேவனுடைய நிர்ணயித்த ஆலோசனையின்படி ஒப்புக்கொடுக்கப்பட்டவரை அக்கிரமக்காரரின் கைகளால் கொன்றீர்கள், தேவன் அவரை எழுப்பினார் என்கிறார். மூன்றாம், நான்காம், ஐந்தாம், பத்தாம், பதின்மூன்றாம் அதிகாரங்களின் பேச்சுகளிலும் இதே அமைப்புதான்: கொன்றது மனிதர், எழுப்பியது தேவன். தேவன் கொன்றார் என்று ஒரு அப்போஸ்தலரும் பிரசங்கிக்கவில்லை. (கொன்ற பழியை யூத மக்கள் அனைவர்மேலும் சுமத்துவதும் கூடாது, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை வெளிப்படையாக மறுத்தது. நம் பிரசங்க பீடங்களில் அந்தப் பேச்சு இன்னும் ஓயாதது வருத்தத்துக்குரியது.)

தேவகோபத்தை இல்லையென்று சொல்ல வருகிறாயா என்று கேட்கலாம். இல்லை. பச்சைக் குழந்தைக்குக் கொடுமை நடக்கும்போது கோபங்கொள்ளாத தேவன் நல்லவராய் இருக்க முடியாது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தேவகோபம் நற்செய்தியின் ஒரு பகுதி. அந்தக் கோபம் எதன்மேல் இறங்கியது என்பதே கேள்வி. ரோமர் 8:3 மிகக் கவனமாய்ப் பேசுகிறது: தேவன் தம் குமாரனை அனுப்பி, மாம்சத்திலே பாவத்தை ஆக்கினைக்குள்ளாகத் தீர்த்தார். தீர்ப்புக்குள்ளானது பாவம். குமாரன் அந்தத் தீர்ப்பின் இடமாய்த் தம்மையே கொடுத்தார். நமக்குரியதை அவர் சுமந்தார் என்ற சத்தியம் இதில் ஒரு துளியும் குறையவில்லை. நமக்குப் பதிலாக அவர் நின்றார் என்பதை இவ்வளவு அழுத்தமாய்ப் போதித்த ஜான் கால்வினே, 1559இல் முடிவான வடிவம் பெற்ற தம் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், பிதா குமாரன்மேல் ஒருபோதும் பகையாகவோ கோபமாகவோ இருந்ததாக நாம் சொல்லவில்லை என்று எழுதிவைத்தார். தம் உள்ளம் பிரியமாயிருந்த குமாரன்மேல் எப்படிக் கோபப்படுவார் என்றும் கேட்டார். சுவிசேஷக விசுவாசிகள் பெரிதும் மதிக்கும் ஜான் ஸ்டாட், 1986இல் வெளியான சிலுவை பற்றிய நூலில், பிதா இயேசுவைத் தண்டித்தார் என்றும் இயேசு பிதாவைச் சமாதானப்படுத்தினார் என்றும் பேசக் கூடாது, இருவரையும் எதிரெதிரே நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். தேவனே நம் இடத்தை எடுத்துக்கொண்டார் என்பது அவர் வாதம். சிலுவையில் பிதாவும் குமாரனும் பிரிந்ததாகத் துணிந்து எழுதிய யுர்கன் மோல்ட்மன்கூட, 1972இல் வந்த தம் நூலில், அங்கே பிதா குமாரனின் சாவைத் தாங்கித் துயருற்றார் என்றும், அந்தப் பிரிவிலேயே இருவரும் ஒரே சித்தத்தில் மிக நெருங்கியிருந்தார்கள் என்றும்தான் எழுதினார். இவர்கள் ஒருவரோடொருவர் பல காரியங்களில் ஒத்துப்போகாதவர்கள். ஆனாலும் குமாரனை வெறுத்த ஒரு பிதாவை இவர்களில் ஒருவரும் காட்டவில்லை.

இதெல்லாம் இறையியல் கல்லூரிக்குரிய விவாதம், பாமர விசுவாசிக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாமர விசுவாசிதான் இதன் விளைவைச் சுமக்கிறார். பிதா என்ற சொல்லைக் கேட்கும்போதே அஞ்சி, இயேசுவிடம் மட்டும் பேசிப் பழகியவர்கள் நம் சபைகளில் குறைவா? வீட்டில் தினமும் அடிவாங்கும் பெண், அடிப்பவரும் அன்புள்ளவர்தான் என்று நம்ப இந்தச் செய்தியே பழக்கிவிடுகிறது. தேவனே தம் குமாரனை அடித்தார், குமாரன் வாய்திறக்கவில்லை, நீயும் சகித்துக்கொள் என்ற ஆலோசனைக்கு அது வழிவிடுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளை, நான் தப்பு செய்தால் கடவுள் என்னைப் பார்க்கமாட்டார் என்று கற்றுக்கொள்கிறது. பாவம் செய்த நேரத்தில்தானே அந்தப் பிள்ளைக்குப் பிதாவின் முகம் அதிகமாய்த் தேவை? சொந்தப் பிள்ளையைச் சாகடித்தால்தான் உங்கள் கடவுளுக்குக் கோபம் தணியுமா என்று பிற சமயத்து அண்டை வீட்டார் கேட்டால், அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று குறைப்படவும் நமக்கு நியாயமில்லை. நாம் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் இந்த வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரு நாட்டின் லீமா நகரில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குருவால் உருப்பெற்றது. ஆங்கிலிகன் சபைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து, மிஷனெரிகளின் வழியே நமக்கும் வந்தது. ஏழு வார்த்தைகளும் நான்கு நற்செய்திகளிலிருந்து எடுத்துக் கோத்த வரிசை. அந்த வரிசையின் முதல் வார்த்தை, பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்பது. கடைசி வார்த்தை, பிதாவே உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன் என்பது. நடுவில் வரும் கதறலைத் தனியே வெட்டி எடுக்காமல், இந்த இரண்டு விளிகளுக்கும் நடுவில் வைத்துப் பிரசங்கியுங்கள். ஆராதனை ஒழுங்கில் இடம் இருந்தால், நான்காம் வார்த்தைக்கு முன்பு 22ஆம் சங்கீதம் முழுவதையும், முப்பத்தோரு வசனங்களையும், சபையாகச் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். பிரசங்கக் குறிப்பில் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு, தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முன்னே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தேவன் தங்களைக் கைவிட்டார் என்ற எண்ணத்தோடு வந்திருப்பார்கள். அவர் குமாரனைக்கூடக் கைவிட்டார் என்ற செய்தியை அவர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

கிறிஸ்துவுக்குள்,
சபை விசுவாசி ஒருவர்